சித்தப்பா கத்தரித்த படம்

என் சித்தப்பா மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்றைக்கும் தீரவில்லை. அவர் நல்லவர்தான், ஊரே சொல்லும். எனக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்து என்னைவிட அதிகமாக அழுதவர். இருந்தாலும் அந்தப் போட்டோ பேச்சை யாராவது எடுத்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

பெரியப்பா கப்பற்படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாததால் ஜேடர்பாளையத்தில் எங்களோடேயே இருந்தார். அவரிடம் ஒரு பச்சை இரும்புப் பெட்டி உண்டு. வெள்ளைத் தொப்பி, பதக்கங்கள், ஒரு விசில், அவருடைய அப்பாவும் அம்மாவும் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் படம், கப்பலில் எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான். மழைக்காலம் முடிந்ததும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுவார். படங்களுக்கு நடுவே காய்ந்த வேப்பிலை வைத்துத் திரும்ப அடுக்குவார். அந்த வேலைக்கு வீட்டில் அவர் சேர்த்துக்கொண்ட ஒரே ஆள் நான். ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். எச்சில் தெறிக்கும் என்பதால் வாயைத் திறக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு ஒழுக்கமாக இருந்ததில்லை.

அதில் ஒரு படம் எனக்கு மனப்பாடம். கப்பல் தளத்தில் வெள்ளைச் சீருடையில் மூன்று பேர். நடுவில் பெரியப்பா. ஒரு பக்கம் மீசை வைத்த மலையாளத்துக்காரர், காமிராவை முறைத்துக்கொண்டு நிற்பார். இன்னொரு பக்கம் ஜலகண்டாபுரத்துக்காரர், இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். அந்த இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை என்று பெரியப்பா சொல்லியிருந்தார். எப்படிச் செத்தார்கள் என்று கேட்டதற்கு விசிலைக் கையில் கொடுத்து, போய் ஊது என்று அனுப்பிவிட்டார்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. சித்தப்பாதான் சேலத்து ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்து, பிழைக்க வைத்துக் கூட்டி வந்தார். வந்த கொஞ்ச நாளில் ஒரு போன். ஜலகண்டாபுரத்துக்காரரின் மகள் பேசினார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா தவறிவிட்டாராம். இருந்த படங்களும் குடியிருந்த ஓலைச் சாளை தீப்பிடித்தபோது போய்விட்டனவாம். அப்பாவின் முகமே தனக்குத் தெரியாது, உங்களிடம் ஒரு படம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், வந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

பெரியப்பா போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பொட்டியத் தொற சாமி. அந்தப் படத்த எடு."

வேப்பிலை இருந்தது. மற்ற படங்கள் இருந்தன. அது மட்டும் இல்லை. நான் பெட்டியையே கவிழ்த்துத் தேடினேன். அப்போது சித்தப்பா உள்ளே போய், தங்கக் கலர் சட்டம் போட்ட ஒரு படத்தோடு வந்தார். முகம் முழுக்கப் பெருமை. பெரியப்பாவின் பிறந்த நாளுக்கு என்று மறைத்து வைத்திருந்தாராம். சட்டத்துக்குள் பெரியப்பா மட்டும் நின்றிருந்தார். இரண்டு பக்கமும் கத்தரியால் நேர்க்கோடாக வெட்டியிருந்தது.

"மூணு பேரா நின்னு போட்டோ எடுக்கவே கூடாதுங்ணா, நடுவுல நிக்கறவங்களுக்கு ஆவாது. ரெண்டு பக்கமும் போய்ச் சேந்துட்டாங்க. மிச்சம் நீங்க ஒருத்தருதானுங்களே! அதான் உங்களத் தனியாப் பிரிச்சுட்டேன்" என்றார் சித்தப்பா.

வெட்டிய துண்டுகள் எங்கே என்று கேட்டால், அதற்கும் பதில் வைத்திருந்தார். செத்தவர்கள் படத்தைக் குப்பையில் போடுவது பாவமாம். கற்பூரம் காட்டி, அணைக்குக் கீழே காவிரியில் விட்டுவிட்டாராம். எத்தனை பொறுப்பு பாருங்கள்! பெட்டிக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, கற்பூரம் வாங்கத் தோன்றியிருக்கிறது.

நான் கத்தினேன். "உங்களுக்கு யாருங்க சித்தப்பா பொட்டியத் தொறக்கச் சொன்னது?" என்று கேட்டதும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாதாம். பெரியவர்கள் அடுத்தவர் அப்பாவை ஆற்றில் விடலாமாம். பெரியப்பாவாவது திட்டுவார் என்று பார்த்தேன். அவர் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, "செரி, உடுங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது.

போனில் பேசிய அந்த அம்மா அடுத்த புதன்கிழமை வந்தார். வழியில் ஆட்டையாம்பட்டியில் இறங்கிக் கைமுறுக்கு வாங்கி வந்திருந்தார். நல்ல சேலை, தலை நிறையப் பூ. கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போல அலங்கரித்துக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறார். சித்தப்பா காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் போய்விட்டார். பெரியப்பா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். படம் இப்படிப் பாழாகிப்போச்சு, தப்பு எங்களதுதான் என்றார். யார் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை.

அந்த அம்மா அழவில்லை. "பரவாயில்லீங்க, குடுத்து வெக்கல" என்று சொல்லிவிட்டு, மரியாதைக்குத்தான் போல, சட்டத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடி மேல் விரலை வைத்து, "ஏனுங்க, இது யாரு கைங்க?" என்று கேட்டார்.

பெரியப்பாவின் தோள்மேல் ஒரு கை கிடந்தது. கத்தரி அதை மணிக்கட்டோடு விட்டு வைத்திருந்தது.

"உங்கப்பங் கைதானுங்க அம்மிணி" என்றார் பெரியப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது மலையாளத்துக்காரர் கை. இவருடைய அப்பா அந்தப் பக்கமே நிற்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சிரித்தவருக்குத் தோளில் போட ஏது கை? இல்லீங்க என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பெட்டி திறந்திருக்கும்போது நான் பேசினால் பார்ப்பாரே, அதே பார்வை.

அந்த அம்மா தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார். "நகமெல்லாம் அப்படியே என்னுதாட்டவே இருக்குதுங்க" என்றார். அப்போதுதான் அழுதார். பெரியப்பா சட்டத்திலிருந்து படத்தை உருவி, நாலு வேப்பிலையோடு ஒரு காகிதத்தில் மடித்து அவரிடமே கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. முறுக்கைக்கூடத் தொடவில்லை. வெட்டியவர் திருச்செங்கோட்டிலிருந்து பூப்போட்ட ரிப்பன் வாங்கி வந்து என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கு சாமி" என்று சாப்பிடச் சொல்லித் தட்டை நகர்த்தினார். நீங்க பொய் சொன்னீங்க என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "ஆமாஞ் சாமி" என்றார். ஒருவர் படத்தைக் கெடுத்தார், இன்னொருவர் ஊரான் கையைத் தூக்கி அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார், இந்த வீட்டில் நேர்மையான ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு பசியோடு படுத்தேன். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், அது அந்த அம்மாவின் அப்பா கை இல்லை என்பது ஒன்றுதான்.