விண்டோஸுக்குத் தும்பாங் குடுத்த கதை

விண்டோஸை என் கம்ப்யூட்டர்ல ஏத்தவே மாட்டேன்னு ஈப்போ ஊரு பூரா தம்பட்டம் அடிச்சவன் நான். தே தாரிக் டீக்கடையில எவனாவது வைரஸ்னு வாயைத் திறந்தா போதும், "அதுக்குத்தான் மச்சான், லினக்ஸுக்கு மாறுன்னு சொன்னேன்"னு ஆரம்பிச்சிருவேன். நான் வர்றதைப் பார்த்தாலே பாதிப் பேரு வேற மேசைக்குப் போயிருவாங்க.

என் நேரம், வீட்டுக்காரி ஒரு எம்ப்ராய்டரி மிஷின் வாங்கினா. கையுறை ஃபேக்டரி வேலையை விட்டுட்டு, பிளவுஸ் தச்சுப் பொழைச்சுக்கலாம்னு துணிஞ்சு இறங்கினவ. முதல் ஆர்டர் சிலிம் ரிவர் ஊர்ப் பொண்ணு ஒருத்தியோட கல்யாண பிளவுஸ், முதுகுல பெரிய மயில். இது சொதப்பினா திரும்ப ஃபேக்டரிக்கே போயிடறேன்னு, யூனிஃபார்மைத் துவைச்சு கதவுக்குப் பின்னால மாட்டி வச்சிருந்தா. அந்த மிஷினோ, விண்டோஸ்ல இருந்து மயிலை அனுப்பினாத்தான் ஊசியை அசைக்கும்.

"ஒரு விண்டோஸ் லேப்டாப் வாங்கிடலாம்லா"ன்னா.

"நான் இருக்கிற வரைக்கும் அந்தச் சனியன் என் வீட்டுக்குள்ள வராது."

"யாரு வீட்டுக்குள்ள?"

நியாயமான கேள்விதான். சிலிபின்ல நாங்க இருக்கிறது மாமனார் வீடு. அவர் வேலை செஞ்ச எஸ்டேட்டை மூடினப்ப இங்க வந்து வாங்கினது. கல்யாணமான புதுசுல, வேற வீடு கிடைக்கிற வரைக்கும்னு தும்பாங் வந்தவன் நான். இன்னும் ஒண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.

விட்டுக் குடுக்க மனசு வரல. "லினக்ஸுக்குள்ளேயே ஒரு பொய் கம்ப்யூட்டர் செய்வேன். விண்டோஸ் அதுக்குள்ள சும்மா தும்பாங் இருக்கும், அவ்வளவுதான்"னேன். அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா.

விண்டோஸ் குடியேறிடுச்சு. ஆனா மிஷின் வயரைச் சொருகினா அதுக்குக் கண்ணு தெரியல. எந்தப் பொருளை உள்ளே அனுப்பணும்னு லினக்ஸ்லதான் சொல்லணும். திரையில ரெண்டு வரி, ரெண்டும் ஏதோ சீனாக் கம்பெனிப் பேரு. நமக்குத் தெரியாததான்னு ஒண்ணைத் தட்டினேன்.

மவுஸ் செத்துச்சு. கீபோர்டும் செத்துச்சு. நான் உள்ளே அனுப்பினது மிஷினை இல்ல, என் கீபோர்டு மவுஸை! அந்த நேரம் பார்த்து உள்ளே விண்டோஸ் அப்டேட் போட்டுக்கிட்டு, தயவுசெஞ்சு அணைக்காதீங்கன்னு சாவகாசமா வட்டம் சுத்துது. தும்பாங் வந்தவன் கையில சாவியைக் குடுத்துட்டு நான் வெளியே நின்னேன்.

வீட்டுக்காரி, யூனிஃபார்ம் தொங்கின கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தா. தாலி கட்டின நாள்லகூட நான் இப்படிப் பயந்ததில்ல.

அலசி ஆராய்ஞ்சு, கெட்ட வார்த்தையெல்லாம் தீர்ந்த பிறகுதான் புத்தி வந்துச்சு. கம்ப்யூட்டர் பின்னால, கீபோர்டு மவுஸ் ரெண்டுக்கும் பொதுவா இருந்த வயர்லெஸ் ரிசீவரைப் பிடுங்கி, திரும்பச் சொருகினேன். மவுஸ் அசைஞ்சிருச்சு. இவ்வளவுதானா! அப்டேட் முடிஞ்சதும், இந்தத் தடவை அடுத்த வரியைத் தட்டி மயிலை அனுப்பினேன். மிஷின் 'டிங்'குன்னு கத்துச்சு, ஊசி இறங்கிச்சு, பச்சை நூல்ல மயிலோட கழுத்து வளர ஆரம்பிச்சது. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. தூசின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

பிளவுஸ் வாங்க வந்த பொண்ணோட அம்மா, மயிலைத் தடவித் தடவிப் பார்த்தாங்க. சின்ன மக பிளவுஸையும் இங்கேயே குடுக்கறேன்னாங்க. "கம்ப்யூட்டர் வேலையெல்லாம் யாரும்மா பார்க்குறது?"

"இங்க தும்பாங் இருக்கிற ஒருத்தர் பார்க்குறாருக்கா"ன்னா இவ.

அவங்க போனதும் சண்டைக்கு நிக்கலாம்னு உள்ளே வந்தேன். வீட்டுக்காரி கத்திரிக்கோலும் கையுமா இருந்தா. மடியில ஃபேக்டரி யூனிஃபார்ம், பாதி வெட்டியாச்சு. ஒரு துண்டை என் மேல தூக்கிப் போட்டா.

"பிடிங்க, மிஷினைத் துடைங்க. தும்பாங் இருந்தா வீட்டு வேலை செய்யணும்லா."