மச்சானுக்கு இருந்த இரண்டு வயதுகள்

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவர்களை நான் நம்புவதில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஊர் ஊராகத் திரிந்ததில் வந்த பழக்கம்.

மாரியூரில் கடல் தொழில் பார்க்கும் என் அக்கா கணவருக்குக் காய்ச்சலும் விலாவலியும் வந்தன. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, கிருமி பிடித்துவிட்டதாம். விலாவில் குழாய் போட்டார்கள். பாட்டிலில் சீழ் இறங்கியது.

டாக்டரம்மா வயதைக் கேட்டார். "எழுபத்திரண்டு" என்றார் மச்சான். காய்ச்சல் வீட்டில் வந்ததா, வேறு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதா என்றும் கேட்டார். சீழ் எடுக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"உயிருக்கு எவ்வளவு ஆபத்துன்னு மார்க் போட்டுப் பாக்குறோம்."

"மார்க் நெறைய வந்துருக்கா தாயி?" அக்கா ஆசையாகக் கேட்டாள்.

"கூடுனா நல்லதில்லம்மா. எழுபதத் தாண்டுனதுக்கே ரெண்டு. சீழா வந்ததுக்கு மார்க் இல்ல. சீழ் இல்லாத நீருன்னா ஒண்ணு கூடியிருக்கும்."

சீழ் தேவலையாம். கேட்கவே ஏமாற்று வேலையாகப் பட்டது. மார்க் கூடியவர்களை ஓரமாகப் போட்டுவிடுவார்களோ?

மச்சானுக்கு எழுபது ஆகவில்லை. அறுபத்து நாலு புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அவர் கைக்குழந்தை. முதியோர் பென்சனுக்காக ஆதாரில் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார். எங்கள் பக்கம் அது வழக்கம்தான்.

"மச்சான், நெச வயசச் சொல்லிருவமா?"

"ஏலே, சும்மா கெட. இங்கன சொன்னா தாலுகா ஆபீசுக்குப் போயிரும். பென்சன நிப்பாட்டிருவாங்கெ."

"செத்தா மட்டும் பென்சன் வருமாக்கும்?"

"ஒன் அக்காளக் கட்டுன அன்னைக்கே பாதி செத்துட்டேன் மாப்ள."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. அந்த மூச்சைப் பார்த்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. வராந்தாவில் டாக்டரம்மாவை நிறுத்திச் சொல்லிவிட்டேன். விஷயம் எந்த ஆபீசுக்கும் போகக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒரு மார்க் கொறையுது, நல்லதுதான். ஆனா ரெண்டு வயசுக்கும் வைத்தியம் ஒண்ணுதாங்க."

அதையும் நான் நம்பவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு என்ன ஊசி, இவருக்கு என்ன ஊசி என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். வித்தியாசம் எதுவும் அகப்படவில்லை. சீழ் குறைந்தது. காய்ச்சல் விட்டது.

குழாயை எடுத்த அன்று டாக்டரம்மா கட்டிலருகே வந்து, "இப்ப எப்படி இருக்கீங்க அய்யா?" என்றார்.

மச்சான் என் பக்கம் சாய்ந்தார்.

"இந்தம்மா எதுக்கு மாப்ள கேக்குது?"