மழைப் பாட்டில் ரபான்

என் கைத்தொலைபேசியில் இப்போது பதினான்கு குழுக்கள் இருக்கின்றன. குடும்பக் குழு, அலுவலகக் குழு, பிள்ளையின் வகுப்புக் குழு, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பதற்கென்றே ஒரு குழு. வேலை முடிந்து பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது திறந்தால் இருநூறு செய்தி சேர்ந்திருக்கும். யாராவது மௌத்தாகியிருப்பார், மரணச் செய்தி வந்திருக்கும். முதலாமவர் மறுமைக்காக வேண்டிப் போட்ட துஆவையே நாற்பது பேர் எடுத்துத் திரும்பவும் போட்டிருப்பார்கள். நானும் போடுவேன். போட்ட பிறகுதான் யார் மௌத் என்று மேலே போய்ப் பார்ப்பேன். களைப்பு மனிதரை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது.

அந்த நேரங்களில் நான் எழுதிய முதல் குழு ஞாபகத்துக்கு வரும். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தக் குழுவில் ஒருவர் மௌத்தானபோது ஒருவர்கூட ஒரு துஆ எழுதவில்லை.

மௌத்தானது என் மாமா, உம்மாவின் மூத்த அண்ணன், எங்கள் பேச்சில் நானா. உப்பளத்தில் வேலை செய்தார். உப்புத் தண்ணீர் தின்று விரல்களெல்லாம் வெடித்துப் போயிருக்கும். வெயிலில் பாளம் பாளமாக உப்பு வாரிய மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே சோக்கு பழைய பாட்டு. எங்கள் சந்தியில் ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கிற கடை. அங்கே ஒரு கொம்பியூட்டரும் வந்து சேர்ந்தது. பழைய பாட்டு ரசிகர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்து கூடிக் கதைக்கிற ஒரு குழு அதற்குள் இருக்கிறது என்று கடைக்கார நானா காட்டிக் கொடுத்த நாளிலிருந்து மாமா ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு அங்கேதான். வெடித்த விரலுக்கு எழுத்துகள் அகப்படாததால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் சொல்வார், நான் இங்கிலிஷ் எழுத்தில் தமிழை அடிப்பேன். அவருடைய பெயர் அங்கே உப்புக்காரன். எல்லோரும் அவரை உப்பு நானா என்றார்கள்.

குழுவில் நிறையப் பேர் இருந்தாலும் வாயடிக்கிறவர்கள் மூன்று பேர்தான். கனடாவில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், அவர்தான் வெள்ளிக்கு வெள்ளி ஒரு கேள்வி போடுவார். சென்னையில் ஒரு வாத்தியார். கொழும்பில் ஒரு தையற்கடை முதலாளி, அவர் எங்கள் ஆள், ஐந்து வேளை தொழுகிற மனிதர், நடுவில் கொஞ்சம் பாட்டும் கேட்பார். ஒரு தடவை குழுவிலேயே விலாசம் கேட்டு வாங்கி மாமாவுக்கு ஒரு கஸட்டைப் பார்சலில் அனுப்பி வைத்தார். அதனால் மாமாவின் சொந்தப் பெயரும் எங்கள் ஊரும் அவர்களுக்குத் தெரியும்.

இந்த மூன்று பேரும் பிழைக்கு இரக்கம் காட்டாதவர்கள். ஒரு தாலாட்டுப் பாட்டில் ஊதுவது ஷெனாயா நாதஸ்வரமா என்று வாத்தியாரும் கனடாக்காரரும் மூன்று கிழமை சண்டை பிடித்தார்கள். கடைசியில் உப்பு நானாவிடம் தீர்ப்புக் கேட்டார்கள். உப்பு நானா சொன்னால் மறுபேச்சு இல்லை.

உப்பு நானாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரிந்த இரகசியம். கேள்வியை ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வீட்டுக்குக் கொண்டு போவார். மாமி தேங்காய் துருவிக்கொண்டே பதில் சொல்வார். அடுத்த வெள்ளி அது உப்பு நானாவின் பதிலாகக் குழுவுக்குப் போகும். மாமி அந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. குமர்ப்பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து ரேடியோ கேட்ட காதுதான். கதாநாயகனுக்கு மீசை இருந்ததா இல்லையா என்று கேட்டால் தெரியாது, அவன் பாடும்போது பின்னால் எத்தனை வயலின் என்று கேட்டால் சொல்வார்.

கச்சான் காற்று அடித்த ஒரு நாள் காலையில், உப்பளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாமா எழும்பவே இல்லை. அஸர்த் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு நாலு பக்கமும் சிதறிக் கிடந்ததால், வாப்பா காலையிலேயே ரேடியோவுக்கு மரண அறிவித்தல் கொடுக்க ஓடினார். கணவனை இழந்த மாமி இத்தாவில் இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண்களின் முன்னே வரக் கூடாது. அறை வாசலுக்கு வெள்ளைத் திரை போட்டார்கள். மௌத் வீட்டில் பாட்டு என்ன பாட்டு என்று பெரியம்மா ரேடியோவைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார்.

ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த வெள்ளிக்கிழமை மாமி என்னைத் திரைக்குள் கூப்பிட்டார். 

"மகள், அந்தக் கடைக்குப் போனீங்களா?"

"இல்ல மாமி."

"போங்க. போய் கேள்விய எழுதிட்டு வாங்க. மாமா மௌத் எண்டு மட்டும் போட வேணா."

ஏன் என்று கேட்டேன். 

"சொன்னா எல்லாரும் ஆளுக்கொரு துஆ எழுதிட்டு அந்தப் பேர மூடிருவாங்க. இந்த வீட்டுல அவர்ட உடுப்பெல்லாம் குடுத்தாச்சி. கட்டிலக்கூட கழட்டிட்டாங்க. அங்கினயாவது இத்தா முடியிற மட்டும் அவர்ட பேர் இரிக்கட்டும். பொறகு நானே வந்து சொல்றன்."

அப்படித்தான் நான் ஒரு மௌத்தான மனிதருக்காக எழுதத் தொடங்கினேன். பயமாகத்தான் இருந்தது. பேயைப் பற்றிய பயம் இல்லை, வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்ற பயம். மாமிக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆசை என் பத்து விரலில் இருந்தது. 

கடையில் ஒரே ஒரு போன் லைன். குவைத்தில் இருக்கும் மகளோடு கதைக்க யாராவது ஒரு உம்மா வந்துவிட்டால் கொம்பியூட்டரின் இணைப்பைக் கழற்றிவிடுவார்கள். அந்த உம்மா அழுது முடியும் வரைக்கும் நான் ஸ்டூலில் காத்திருப்பேன். பிறகு திரும்பவும் இணைப்பு விழும் அந்தக் கீச்சுச் சத்தம், திரும்பவும் குழு. கேள்வியை எழுதிக்கொண்டு வெயிலில் வீட்டுக்கு நடை. மாமி தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடுவார். பாட்டுப் பாடக் கூடாது என்பதால் உதடு மட்டும் அசையும். விரல் தொடையில் தாளம் போடும். பிறகு பதில் வரும். ரேடியோ இல்லை, கஸட் இல்லை, எல்லாம் தலைக்குள்ளிருந்துதான்.

அந்த நாலு மாதத்தில் குழுவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மாமா இருந்த காலத்தில் கேட்டு முடிந்த கேள்விகளையே கனடாக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இத முந்திக் கேட்டாங்களே?" என்பார் மாமி.

"மறந்திட்டாங்க போல."

"வயசு போனவங்கதானே. பாவம்." அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்வார்.

விசாரிப்பும் கூடிவிட்டது. முன்பெல்லாம் பாட்டைத் தவிர ஒன்றும் கதைக்காதவர்கள். இப்போது கனடாக்காரர், "ஆறுதலாய்ப் பதில் போடுங்கோ நானா, அவசரமில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" என்று எழுதினார். சென்னை வாத்தியார், "அண்ணி நல்லா இருக்காங்களா அண்ணே?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்டார். வந்து சொன்னேன்.

"என்னப் பத்தி என்னத்துக்குக் கேக்காங்க?" என்று மாமி யோசித்தார். பிறகு, "நல்லா இரிக்கான்னு போடுங்க" என்றார். நான் அடித்தேன்: அண்ணி நல்லா இருக்கிறா. அன்று மாமி காய்ச்சலில் கிடந்தார்.

மூன்றாம் மாதம் எனக்கே அலுத்துவிட்டது. வெயில், புழுதி, சந்தியில் நடுரோட்டில் படுத்துக் கிடக்கும் கழுதைகள், அழுகிற உம்மாமார். ஒரு வெள்ளி, அதிசயமாக ஒரு புதுக் கேள்வி வந்தது. ஒரு மழைப் பாட்டில் இரண்டு சரணங்களுக்கு நடுவில் தனியாக ஒலிக்கும் வாத்தியம் எது? எழுதிய தாளைக் கச்சான் காற்று பறித்துக்கொண்டு போய்க் களப்புத் தண்ணீர்ப் பக்கம் எறிந்தது. திரும்பிக் கடைக்கு நடக்க எனக்கு ஏலவில்லை. இந்தக் கிழமை கேள்வி இல்லை என்று மாமியிடம் சொல்லிவிட்டேன். மாமியின் முகம் விழுந்தது. தஸ்பீஹை எடுத்தார்.

அடுத்த வெள்ளி கொம்பியூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. உப்பு நானாவின் பதிலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த வாத்தியம் ஒன்றே ஒன்றுதான். நோன்பில் விடியுமுன் ஸஹர்ச் சாப்பாட்டுக்கு எழுப்ப ஊருக்குள் தட்டிக்கொண்டு வருவார்களே, அந்தத் தோல் மேளம். ரபான் என்று அடித்தேன்.

அடித்த பிறகுதான் யோசித்தேன். ஷெனாய்க்கும் நாதஸ்வரத்துக்கும் மூன்று கிழமை சண்டை பிடித்தவர்கள், இதற்கு என்னைக் கொன்றுவிடுவார்கள். எல்லாம் வெளியே வந்துவிடும். மாமி ஆசைப்பட்ட ஒன்றும் என்னால்தான் அழியப்போகிறது. அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

போய்ப் பார்த்தால், "சரி நானா" என்று கனடாக்காரர் எழுதியிருந்தார். "நீங்க சொன்னா சரிதான் அண்ணே" என்று வாத்தியார். "மாஷா அல்லாஹ், சரியான பதில்" என்று கொழும்புத் தையற்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கெட்டித்தனத்தில் கண்ணை மூடி எறிந்த கல் மாங்காயில் பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இத்தா முடிந்தது. மாமி குளித்து, தொழுது, கறுப்பு அபாயா போட்டுக்கொண்டு, நாலு மாதம் பத்து நாளுக்குப் பிறகு முதன்முதலாக வெளியே வந்தார். சொந்தக்காரர்கள் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று பெரியம்மா முறுகினார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகச் சந்திக்கு நடந்தார். நாலு மாதத்தில் கால் நடையை மறந்திருந்தது. வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

ஸ்டூலில் உட்கார்ந்து, "அடிங்க மகள்" என்றார். "உப்புக்காரன் மௌத்தாகி நாலு மாசமும் பத்து நாளும். பதில் சொன்னது அவர்ட பொஞ்சாதி. பொய் சொன்னதுக்கு மாப்புத் தாங்க."

அடித்தேன். கொஞ்ச நேரத்தில் கொழும்புத் தையற்காரரின் பதில் வந்தது. மாமிக்கு இங்கிலிஷ் எழுத்து தெரியாது, நான்தான் வாசித்தேன்.

"தெரியும் தங்கச்சி. அன்றைக்கே ரேடியோவில் கேட்டோம். மூன்று பேருமே, கனடாத் தம்பி கொம்பியூட்டர் வழியாக, பாட்டு நிகழ்ச்சிக்குக் காத்துக்கொண்டிருந்தோம். அதற்கு முன்னால்தான் நானாவின் பெயரும் ஊரும் சொன்னார்கள். அதற்குப் பிறகும் உப்புக்காரனிடமிருந்து பதில் வந்தபோது வீட்டிலிருந்து நீங்கள்தான் சொல்கிறீர்கள் என்று விளங்கிவிட்டது. இத்தா என்றால் என்ன என்று மற்றவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். அது முடியும் மட்டும் கேட்டுக்கொண்டே இருப்போம் என்று கனடாத் தம்பி சொன்னார்."

மாமி வாயில் கையை வைத்துக்கொண்டார். ரேடியோவைத் தவிர வேறு உலகமே இல்லாத மனிதர்களிடம், ரேடியோவில் சொன்ன மௌத்தை மறைத்திருக்கிறோம். வாப்பா கொடுத்த அறிவித்தலை மாமியும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வெகு நேரம் மாமி அழுதார். கோல் எடுக்க வந்த ஒரு உம்மா, பிள்ளை குவைத்தில் கஷ்டப்படுகிறதா என்று கேட்டுத் தானும் கொஞ்சம் அழுதார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் வாசிங்க, மொதல்ல இரிந்து" என்றார். நான் வாசித்துக்கொண்டே வந்தேன். மழைப் பாட்டை மெல்லத் தாண்டப் பார்த்தேன்.

"நில்லுங்க. நடுவுல என்ன?"

வேறு வழியில்லாமல் வாசித்தேன். கேள்வி, ரபான், மூன்று பேரின் சரி.

"ரபானா?"

"ஓம் மாமி."

"அதுக்கும் சரி எண்டா போட்டாங்க?"

அடி விழும் என்று தலையைக் குனிந்தேன். மாமி சிரித்தார். அழுகையும் சிரிப்புமாக என்னை இழுத்து மடியோடு அணைத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடிங்க. அது பிழை. மாண்டலின்."

பத்து நிமிஷம் போகவில்லை, சென்னை வாத்தியார் வந்துவிட்டார். "மன்னிக்கணும் சகோதரி, ஒத்துக்க முடியாது. அது கிட்டார்." பின்னாலேயே கனடாக்காரர், விடிந்தும் விடியாத நேரத்தில் எழும்பி: "இரண்டும் பிழை. வடிவாய்க் கேளுங்கோ."

"காது செவிடா இவங்களுக்கு?" என்றார் மாமி. அலுமாரிக்கு மேலே இருக்கும் ரேடியோவை இன்றைக்கே இறக்க வேண்டும் என்றார். அடுத்த வெள்ளி வருகிறோம் என்று கடைக்கார நானாவிடம் கொம்பியூட்டர் திரைக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

என் ரபானுக்கு மூன்று பேரும் சரி போட்டார்கள், மாமியின் மாண்டலினுக்கு நாலு கிழமை சண்டை பிடித்தார்கள். அப்படியென்றால் எங்கள் வீட்டில் பாட்டு தெரிந்த ஆள் நான்தான் என்று அந்த வயதில் முடிவு செய்துகொண்டேன். அது தெரியாமல், பிழை பிழை என்று மூன்று பேர் சொன்னதற்கு மாமி இவ்வளவு சந்தோஷப்படுகிறாரே என்று அவர் மேல் இரக்கமாகக்கூட இருந்தது.