பாடச் சொன்னால் பாட வேண்டிய பெட்டி

1. மூன்றாவது தடவை

அதே வேன் மூன்றாவது தடவையாகக் கடை வாசலில் வந்து நின்றபோது, நான் மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். செய்த வேலை திரும்பி வருவது எங்கள் தொழிலில் பெரிய அவமானம். நான் ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சப்படுகிறவன். வயரோடு பேசினால் போதும் என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பதுளையில் பஸ் நிலையத்துக்குக் கீழே எனக்கு ஒரு சிறிய கடை இருந்தது. வாகன வயரிங், பேட்டரி சார்ஜ், கார் செட் பூட்டுவது எல்லாம் செய்வேன். கேசட் செட் மட்டும் இருந்த வேன்களில் அம்ப்ளிஃபயரும் சப் வூஃபரும் பூட்டத் தொடங்கிய காலம் அது. கல்யாண ஹயர், கதிர்காம ஹயர் என்று வேனை வாடகைக்குப் பிடிக்க வருகிற தோட்டத்துப் பையன்கள், வேன் புதிதா பழையதா என்று பார்க்க மாட்டார்கள். செட் எப்படி என்றுதான் கேட்பார்கள்.

அந்த வேன் பதுளைக் கடைத்தெரு முதலாளி ஒருவருடையது. ஓட்டியவர் மருதமுத்து அண்ணன். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்து வீட்டில் குடியிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். அவரும் நானும் சேர்ந்தால் கடையில் பேட்டரி சார்ஜர் இரைகிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

பிழை ஒன்றேதான். செட் பாடிக்கொண்டிருக்கும். திடீரென்று சப் வூஃபர் நின்றுவிடும். அம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரியும். நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் கொஞ்சம் பாடும். திரும்ப நிற்கும்.

இந்தத் தடவை வேன் வருவதற்கு முன்பே முதலாளி என் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஒன் வேலையும் சரிதான், செட்டும் நல்ல செட்டுதான். அப்ப மருதமுத்து கைதான் சரியில்ல. இன்னொரு தடவ நின்னுச்சுன்னு ஹயர்க்காரன் வந்து சொன்னான்னா நான் ட்ரைவர மாத்திருவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் செய்வார் என்று நம்பினேன். மருதமுத்து அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. அவர் வீட்டில் மலையில் கொழுந்து எடுப்பவர் மனைவி மட்டும்தான். பிள்ளைகள் மூவரும் பள்ளிக்கூடத்தில்.

2. எர்த், சூடு

முதல் தடவை வந்தபோது நான் பார்த்தது எர்த். அம்ப்ளிஃபயர் அடிக்கடி நின்றால் யாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். எர்த் வயரை வேன் தகட்டின் பெயின்டுக்கு மேலேயே போல்ட் பண்ணியிருந்தார்கள். சுரண்டி, தகடு பளபளவென்று வந்த பிறகு இறுக்கினேன். பவர் வயரின் ஃபியூஸ் ஹோல்டரையும் மாற்றினேன். சப் வூஃபரைக் கழற்றிப் பார்த்தபோது பின்னால் வயர் தளர்ந்திருந்தது. அதையும் அழுத்திச் சொருகினேன். ஸ்குரூ இரண்டைக் காணவில்லை. தோட்டத்து ரோட்டில் குலுங்கி விழுந்திருக்கும் என்று நினைத்து, எல்லா ஸ்குரூவையும் புதிதாகப் போட்டேன். செட் பாடியது. எர்த்தான் பிழை என்று முடிவு கட்டினேன்.

இரண்டாவது தடவை வந்தபோது, எங்கே போனால் நிற்கிறது என்று கேட்டேன். அவ்வளவு கேட்டதே எனக்குப் பெரிய காரியம்.

"எல்ல, பண்டாரவளப் பக்கம் போனா ஒண்ணும் ஆவல தம்பி. மொனராகலப் பக்கம் எறங்கிப் போய் வந்தா நிக்குது" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேலே குளிர், கீழே வெக்கை. அம்ப்ளிஃபயர் சீட்டுக்குக் கீழே காற்றில்லாமல் கிடக்கிறது. சூடானால் தானாக நின்றுகொள்ளும். இதைவிடத் தெளிவாகப் பிழை எப்படிப் பேசும்? அம்ப்ளிஃபயரை வெளியே எடுத்து, கட்டை வைத்து உயர்த்திப் பூட்டி, பக்கத்தில் ஒரு சின்ன ஃபேனும் வைத்தேன். சப் வூஃபரின் வயர் மறுபடி தளர்ந்திருந்தது. ஸ்குரூக்களைக் கவனிக்காமலே அதையும் போகிற போக்கில் சொருகினேன். செட் பாடியது. சூடுதான் பிழை என்று முடிவு கட்டினேன்.

தொழில் பழகுகிற இளம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே நேரத்தில் நாலு வேலை செய்தால், எந்த வேலை வண்டியைச் சரிப்படுத்தியது என்று நமக்குத் தெரியாது. நமக்குப் பிடித்த வேலைதான் சரிப்படுத்தியது என்று நம்பிக்கொள்வோம்.

3. ஸ்குரூ

மூன்றாவது தடவை எர்த்தையோ அம்ப்ளிஃபயரையோ நான் தொடவில்லை. வேனின் பின்பக்கம் ஏறி, சப் வூஃபர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். சத்தத்தைக் கூட்டினேன். கொஞ்ச நேரம் அடித்தது. நின்றது. சிவப்பு விளக்கு.

ஸ்பீக்கரைக் கழற்றப் போனபோதுதான் ஸ்குரூக்களைப் பார்த்தேன். நான் போட்ட புது ஸ்டார் ஸ்குரூக்கள். அவற்றின் தலை எல்லாம் பிய்ந்திருந்தது. சரியான ஸ்குரூ ட்ரைவரால் கழற்றினால் அப்படிப் பிய்யாது. மரத்தில் துளைகள் அகன்று, ஸ்குரூ விரலாலேயே வெளியே வந்தது. ஸ்பீக்கரைத் தூக்கினேன். பெட்டிக்குள் சுற்றி ஒட்டியிருந்த பஞ்சு கிழிந்து ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. யாரோ உள்ளே கையை விட்டுத் துழாவியிருக்கிறார்கள். வயரை இழுத்ததில் ப்ளஸ் வயரின் ஒரு இழை பிரிந்து, மைனஸ் தகட்டின் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பாடினால் தொடாது. ஸ்பீக்கர் பலமாக அதிர்ந்தால் தொடும். தொட்டால் அம்ப்ளிஃபயர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும்.

கேட்க எனக்கு வாய் வரவில்லை. தலை பிய்ந்த ஸ்குரூ ஒன்றை உள்ளங்கையில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். கடைக்குள் வேறு யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினார்.

"பொட்டியத் தொறன்னு சொல்லுவாங்க தம்பி. எங்கிட்ட சாமான் இல்ல. அவங்களே கத்தி நுனியால தொறந்துருவாங்க."

மொனராகலை வழியாகக் கதிர்காமம் போகிற ரோட்டில் இருந்த ஆமி செக் பொயின்ட்டை, இராணுவச் சோதனைச் சாவடியைத்தான் சொன்னார். வடக்கில் சண்டை நடந்து, எங்கும் குண்டுப் பயம் இருந்த காலம். வேனில் மூடிய பெட்டி, ஓட்டுபவர் பெயர் மருதமுத்து, உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் தமிழர். முதல் தடவை உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை பார்த்ததோடு விடவில்லை.

"ஸ்பீக்கர்னா பாடச் சொல்லுன்னாங்க. போட்டேன். பாடுச்சு. கொஞ்ச நேரத்துல நின்னுருச்சு. பாடாத பொட்டி எப்புடி ஸ்பீக்கராவும்னு கேட்டாங்க. எனக்கு சிங்களம் நல்லாத்தான் வரும். அன்னைக்கு வரல."

காலையில் இறக்கியவரை மாலையில்தான் விட்டார்களாம். அதுவரை ஹயர்க்காரர்கள் அர்ச்சனைத் தட்டுச் சாமான்களோடு ரோட்டோரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அவருடைய தோட்டத்து ஆட்கள். திரும்பி வரும்போது அவர் ஒன்று கேட்டுக்கொண்டார்: முதலாளி காதுக்குப் போகக் கூடாது. ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் செட் நின்றதை மட்டும் யாரோ ஒரு பையன் சொல்லிவிட்டான். மூன்றாவது பயணத்தில் அதே ஆமிக்காரர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"அடுத்த தடவ பாடலன்னா வேன அனுப்பிட்டு நீ மட்டும் இங்க இருன்னு சொல்லிருக்காரு."

பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாமே என்றேன்.

"பொட்டி இல்லன்னா ஹயர் இல்ல. புடிச்சு வச்ச ட்ரைவர்னு தெரிஞ்சா வேன் இல்ல. மொதலாளி கெட்டவரில்ல தம்பி. பயந்தவரு." பெட்டியின் மேல் கையை வைத்தார். "எனக்குப் பாட்டு வேணாம். அங்க வச்சுப் பாடுன்னா அது பாடணும். அவ்வளவுதான்."

ஏன் முதலிலேயே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களும் கேக்கல" என்றார்.

4. கண்ணாடி

அடுத்த கதிர்காம ஹயர் வெள்ளிக்கிழமை. அதுவரை பெட்டியை என்னிடம் விட்டுப் போனார்.

வயர் தளராமல் செய்வது சுலபம். சொருகுவதற்குப் பதில் ஈயம் வைத்து ஒட்டினேன். உள்ளே இரண்டு இடத்தில் கிளிப் அடித்து, நீளமாக விட்டேன். யார் ஸ்பீக்கரை இழுத்தாலும் வயர் கூடவே வரும், கழலாது. மர ஸ்குரூவுக்குப் பதில் மரை போட்டு போல்ட் வைத்தேன். ஆனால் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும்வரை ஏதோ ஒன்று பிய்யும். திறக்காமலே பார்க்க வழி வேண்டும்.

பக்கத்தில் போர்டு எழுதுகிறவர் கடையில் தடித்த பிளாஸ்டிக் கண்ணாடித் துண்டு ஒன்று மிச்சம் கிடந்தது. பெட்டியின் பின்பலகையை வெட்டி எடுத்துவிட்டு அதைப் பூட்டினேன். காற்று கசிந்தால் சத்தம் கெட்டுவிடும் என்பதால் சைக்கிள் ட்யூபை வெட்டி விளிம்பில் வைத்து இறுக்கினேன். பஞ்சு முழுவதையும் எடுத்துவிட்டேன். சத்தம் கொஞ்சம் வறண்டுதான் போனது. உள்ளே ஒரு நம்பர் பிளேட் பல்ப் வைத்து, ட்ரைவர் பக்கத்தில் சுவிட்ச் கொடுத்தேன்.

முதலாளி வந்து பார்த்தார்.

"என்னப்பா இது, மீன் தொட்டியா?"

பிறகு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. பையன்களுக்காகச் செய்த ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார். நாங்கள் அப்படியே நினைக்க விட்டோம்.

வெள்ளிக்கிழமை நானும் வேனில் ஏறினேன். செட்டைச் சோதிக்க என்று முதலாளியிடம் சொன்னோம். செக் பொயின்ட் வந்தபோது நான் பெட்டிக்குப் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தேன். மருதமுத்து அண்ணன் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். கேட்பதற்கு முன்பே லைட்டைப் போட்டார். அந்த ஆமிக்காரர் குனிந்தார். சின்ன வயது, எங்கள் ஊர்ப் பக்கத்து முகம். காலிப் பெட்டியையும், அதன் நடுவில் ஸ்பீக்கரின் காந்தத்தையும் பார்த்தார். பாட வை என்று கையால் காட்டினார்.

முருகன் பாட்டு ஒன்று தொடங்கியது. அவர் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தபடி நின்றார். பாட்டு முழுவதும் அப்படியே நின்றார். ஒவ்வொரு அடிக்கும் அவர் கை லேசாக அதிர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலைகளில் எதையும் அவ்வளவு நேரம் பயத்தோடு கேட்டதில்லை.

அது நிற்கவில்லை.

"ஹரி" என்றார் அவர் சிங்களத்தில். சரி, போதும்.

பிறகு எங்கள் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் வரிசையாக நின்றோம். எனக்கு முன்னால் நின்ற மருதமுத்து அண்ணன் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்:

"பொட்டி பாஸாயிருச்சு தம்பி. இனி நம்மதான்."

5. பலகை

சில வருடங்கள் கழித்துச் சமாதானம் பேசினார்கள். ரோட்டில் இருந்த தடைகளை எடுத்தார்கள். அந்த வாரமே மருதமுத்து அண்ணன் கடைக்கு வந்தார். அதே வேன்தான், அவர்தான் ஓட்டினார்.

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பழையபடி பலக போட்டுக் குடுங்க."

முதலாளிக்கு அது பிடிக்குமே, என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"அதிருதுன்னு சொல்லிக்கிறேன்."

அது அதிரவில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பலகை வெட்டிப் பூட்டினேன், பஞ்சு வைத்தேன், வெளியே கறுப்புக் கார்ப்பெட் ஒட்டினேன். அவர் அதைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். சத்தம் முன்புபோல நிறைவாக வந்தது. அன்றுதான் அவர் அந்தப் பெட்டியில் ஒரு பாட்டை முழுதாக உட்கார்ந்து கேட்டார்.

கழற்றிய கண்ணாடியை எறிய மனம் வரவில்லை. பத்திரிகைத் தாளில் சுற்றி சார்ஜருக்குப் பின்னால் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சண்டை திரும்ப வந்தது. ரோட்டில் தடைகளும் வந்தன. ஒரு நாள் காலையில் வேன் வாசலில் நின்றது. இந்தத் தடவை நான் குனிந்துகொள்ளவில்லை. அவர் இறங்கி என் மேசைக்கு வந்தார்.

"அந்தக் கண்ணாடி இருக்கா தம்பி?"

எடுத்துக் கொடுத்தேன். பழைய துளைகளிலேயே போல்ட்டுகள் சரியாகப் பொருந்தின.

அம்ப்ளிஃபயர் நின்று நின்று பாடினால் எர்த்தைப் பாருங்கள், பவர் வயரைப் பாருங்கள், சூட்டைப் பாருங்கள், கடைசியாக ஸ்பீக்கர் வயரைப் பாருங்கள். இதை எந்தக் கடையிலும் பழகிக்கொள்ளலாம். ஆனால் மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், வண்டி எந்த ரோட்டில் போய் வந்தது, அங்கே யார் அதைத் திறந்தார்கள் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், கழற்றிய ஸ்குரூவை உள்ளங்கையில் வைத்து நீட்டிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். சொல்ல வேண்டியவர் சொல்லுவார்.