மனாமாவில் மூன்று கிளாஸ், அப்பாசியாவில் ஒரு கேன்

2007இல் ரம்ஜான் பெருநாளுக்குக் குவைத்தில் எங்களுக்கு நான்கு நாள் விடுமுறை கிடைத்தது. அதில் இரண்டு நாளைப் பஹ்ரைனில் கழித்தோம். போனது பீர் குடிக்க. சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. குவைத்தில் மது கிடையாது, பஹ்ரைனில் உண்டு, இடையில் விமானத்தில் ஒரு மணி நேரம்தான். அப்படிப் போன நாங்கள் இருவருமே இப்போது குவைத்தை விட்டு வந்துவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

குவைத்தில் அப்பாசியா பகுதியில் ஒரே அறையில் நாங்கள் மூன்று பேர். நான் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். பெரம்பலூர்க்காரன் பழனி லிஃப்ட் மெக்கானிக். தூத்துக்குடி மரியதாஸ் அண்ணன் ஒரு ரொட்டி ஃபேக்டரியில் சூப்பர்வைசர். இந்த மரியதாஸ் அண்ணன்தான் ஆறு வருடமாக எங்கள் சமையலறை மூலையில், இருபது லிட்டர் தண்ணீர்க் கேனில், பீர் போட்டுக்கொண்டிருந்தார். கடையில் விற்கும் போதையில்லாத மால்ட் பானம், சர்க்கரை, ரொட்டி ஈஸ்ட். பிடிபட்டால் ஜெயில், பிறகு ஒரேயடியாக ஊர். அந்தப் பெருநாளுக்கு மூன்று வாரம் முன்பு பக்கத்துத் தெருவில் ஒரு அறைக்குப் போலீஸ் வந்து நான்கு பேரைக் கொண்டுபோனது. கேனை உடைத்து எறிவதா, தொடர்வதா என்று அண்ணனுக்கு ஓயாத யோசனை.

"ஒரு தடவ நல்ல பீரு குடிச்சுப் பாத்துருவோம்ல. நம்மளுது அதுக்குப் பக்கத்துல நிக்கும்னா தொடருவோம். இல்லன்னா கலாஸ், அத்தோட முடிச்சிருவோம்" என்றார். பழனிக்கு டியூட்டி. நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

காலை 9.40க்கு விமானம். போக வர ஆளுக்கு 39 குவைத் தினார். அக்காமாவில், அதாவது குவைத் குடியிருப்பு அனுமதியில், இருவருக்குமே தொழில் நன்றாக இருந்ததால் பஹ்ரைனில் இறங்கியதும் விசா அடித்துவிட்டார்கள், ஆளுக்கு ஐந்து பஹ்ரைன் தினார். சாதாரணத் தொழிலாளி என்று இருந்தால் ஹோட்டல் மூலம் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அங்கே போய் நின்று கெஞ்சுவது வேலைக்கு ஆகாது.

விமான நிலையத்திலிருந்து மனாமாவின் குதைபியா பகுதி எட்டு கிலோமீட்டர் இருக்கும். டாக்ஸிக்காரர் பஹ்ரைனி, அறுபது வயதுக்கு மேல். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே, "குவைத் ஸே? பீனே கேலியே?" என்று சிரித்தார். குடிக்கத்தானே என்கிறார். அண்ணன் உடனே, "நை நை பாய், கூம்னே கேலியே" என்றார். சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம் கேமரா இல்லை என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். கட்டணம் ஐந்து தினார். குதைபியாவில் ஒரு சிறிய லாட்ஜில் அறை 15 தினார். கீழேயே ஒரு தமிழ் மெஸ். மீன் குழம்புச் சாப்பாடு 700 ஃபில்ஸ், ஒரு தினாருக்கும் குறைவு, குறை சொல்ல முடியாது.

மூன்று மணிக்கு ஜுஃபைருக்கு நடந்தோம். வெயிலில் அரை மணி நேரம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அங்கே ஒரு ஹோட்டல் பாரில் சின்ன ஆலைகளில் கொஞ்சமாகக் காய்ச்சும் கிராஃப்ட் பீர்கள் வரவழைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். உள்ளே கூட்டமில்லை. கவுன்டரில் நின்ற ரஞ்சன் திருகோணமலைக்காரர், இலங்கையில் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். தமிழ் என்றதும் பட்டியலை மூடி வைத்துவிட்டார்.

"அண்ணை, நான் தாற வரிசையில குடியுங்கோ. குளிர் கொஞ்சம் இறங்கட்டும், அப்பதான் ருசி தெரியும்."

முதலில் ஜெர்மன் கோதுமை பீர். கலங்கலாக இருந்தது. அண்ணன் குடிக்கவில்லை, முகர்ந்தார். "வாழப்பழம். கூடக் கிராம்பு. ரெண்டுமே போடல, எல்லாம் ஈஸ்ட் குடுக்குற வாசம்" என்றார். ரஞ்சன் அசந்துபோனார். இரண்டாவது ஆங்கிலேய பீர்: செம்பு நிறம், ஆரஞ்சுத் தோலின் கசப்பு, விழுங்கிய பிறகு வேப்பம்பூ மாதிரி நாக்கின் அடியில் நின்றது. கிளாஸ் இரண்டரை தினார்.

அந்தத் தைரியத்தில் அண்ணன் கவுன்டர் மேல் குனிந்து, தானும் பீர் போடுவதைச் சொல்லிவிட்டார்.

"பயப்பிடாதேங்கோ, இஞ்ச ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்றார் ரஞ்சன். "உங்கட பியர் என்ன மாதிரி இருக்கும்?"

"இவங்கிட்ட கேளுங்க. ஆறு வருசமா குடிக்கான்."

நல்லாருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கில் அந்த ஆங்கிலேயக் கசப்பு இன்னும் இருந்தது.

"புளிக்குமோ?" என்றார் ரஞ்சன்.

"புளிக்கும்."

"வேற?"

"காயாத துணி வாசம் அடிக்கும்."

அண்ணன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். "எப்பருந்துல?"

"மொதல்லேருந்தேண்ணே."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஹோட்டல் சுவரோரம் நிழலில் நின்றிருந்தார். பக்கத்தில் போனேன். "மூணு டம்ளர் குடிப்பியேல" என்றார், என்னைப் பார்க்காமல்.

"பாதிய பாத்ரூம்ல ஊத்திருவேன்."

"நீயும் பழனியும் சேந்து சிரிச்சிருப்பிய."

"சத்தியமா இல்லண்ணே. அவன்கிட்ட இதப் பத்திப் பேசினதே இல்ல. வாரம் பூரா ஆளுக்கொரு ஷிஃப்ட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒண்ணுதான் மூணு பேரும் ஒக்காருவோம். நல்லால்லன்னு சொன்னா அது நின்னுடுமோன்னு பயந்தேன்."

இரண்டு டாக்ஸிகள் வந்து நின்று, எங்களுக்கு வேண்டாம் என்று தெரிந்து போயின.

"ஃபேக்டரியில மாவு லேசாக் கெட்டாலும் வாசல்லயே கண்டுபுடிச்சிருவேன்" என்றார் கடைசியில். "எம் பீருக்கு மட்டும் மூக்கு அடைச்சுப்போச்சு பாரு. வா, மூணாவது கிளாஸ் இன்னும் வரல."

மூன்றாவது பெல்ஜியம் கறுப்பு பீர், கருப்பட்டியும் உலர் திராட்சையும் கலந்தாற்போல. நான்கு தினார், கொடுக்கலாம். அண்ணன் ரஞ்சனை விடவில்லை, ஒரு மணி நேரம் கேள்விகள். தவறு எங்கள் சமையலறைச் சூட்டிலும் சரியாகக் கழுவாத கேனிலும் இருந்தது. ரஞ்சன் ஒன்று சொன்னார்: "இந்த மூக்கு எல்லாருக்கும் வாய்க்காது அண்ணை. நீங்கள் பிழையான ஊரில இருக்கிறியள், அவ்வளவுதான்." அன்று முதல் முறையாக அண்ணன் முகம் தெளிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ரமலான் மாதத்தில் போகாதீர்கள், பார்கள் மூடியிருக்கும். மதியமே போனால் கூட்டமிருக்காது, ஊற்றுபவரோடு பேச முடியும். மூன்று கிளாஸுக்கு மேல் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. திரும்பும்போது பையில் ஒரு சொட்டுகூட வேண்டாம், குவைத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். முக்கியமாக, வீட்டில் பீர் போடும் நண்பனோடு போவதாக இருந்தால், சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். ருசி பார்த்த நாக்கோடு பொய் சொல்வது கஷ்டம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் கோழிக் குழம்பு வைத்தார். சாப்பாட்டுக்கு முன் கேனைப் பாத்ரூமுக்குத் தூக்கிப் போய்க் கவிழ்த்தார். பழனி பதறி எழுந்து ஓடினான். "ஏண்ணே ஊத்துறீங்க?"

"உள்ளதச் சொல்லுல. நல்லாவா இருந்துச்சு?"

பழனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்கு ரொம்பப் புடிக்கும்ணே" என்றான், கண்ணெல்லாம் கலங்கி.

அண்ணன் சிரித்த சிரிப்பில் கேன் கையிலிருந்து நழுவியது. "ஒருத்தனுக்காக ஜெயிலுக்குப் போவ முடியாதுல. ஒக்காரு, சாப்பிடு" என்று அவனுக்கு முதலில் சோறு போட்டார்.