இறந்தவரின் வன்தட்டு

ஒருவர் இறந்த பிறகு அவருடைய வன்தட்டை அழிக்க யாருடைய சம்மதம் போதும்? மடவளையில் ஒரு துணிக்கடையின் கணினி முன் அமர்ந்திருந்தபோது இந்தக் கேள்விக்கு நான் பதில் தேட வேண்டியிருந்தது.

பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவிக் கொடுப்பது, வேலை நேரம் போக நான் செய்துவரும் சிறு உதவி. அந்தக் கடைக்கும் நான்தான் நிறுவிக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் அண்மையில் காலமாகியிருந்தார். கடையைப் பொறுப்பேற்ற தம்பி, அண்ணன் பயன்படுத்திய வெளி வன்தட்டை என்னிடம் நீட்டினார். அதை முழுதாக அழித்து, கணினி இயங்கத் தொடங்கும்போதெல்லாம் தானாக இணையும்படி அமைக்க வேண்டும். கடைக் கெமராவின் பதிவுகள் இனி அதில் சேர வேண்டும்.

திறந்து பார்த்தேன்.

"இதுல உங்க அண்ணன் எடுத்த வீட்டு வீடியோ எல்லாம் இருக்கே. அண்ணிகிட்ட கேட்டீங்களா?"

"மதினி இத்தாவுல ஈக்கிறா மிஸ். இப்ப போய் கம்ப்யூட்டர் கத கதைக்க ஏலுமா? நீங்க ஃபோமட் அடிங்க. ஒரு பட்டன் அமத்த இவ்வளவு யோசனயா? இதென்ன சோதின பேப்பரா?"

கணவனை இழந்த பெண் அந்நிய ஆண்கள் முன் வராமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் இத்தா. கணவரின் தம்பியும் அந்தக் கணக்கில் அந்நியரே. நான் பெண், என்னால் உள்ளே போக முடிந்தது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. கடைக்காரரின் மனைவி வெள்ளை உடுத்தி, பாயில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"அதுல அவர் கதைக்கிற ஈக்கா?"

"இருக்கு அக்கா. புள்ளைங்களோட பேசுறது. கொண்டாந்து காட்டவா?"

"வாணாம். இப்ப கேட்டா எனக்கு ஒண்டும் வெளங்காது." இன்னொரு வெங்காயத்தை எடுத்தார். "வேற ஒண்டுல எடுத்து என்ட கையில தாங்க. அவன்ட கையில வாணாம். பொறகு அழிங்க."

அனைத்தையும் ஒரு பென்டிரைவில் பிரதி செய்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒலியை அடைத்துவிட்டு ஒரு காணொளியைத் திறந்தேன். ஒரு மனிதர் யாரையோ பார்த்துச் சத்தமின்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூடினேன்.

பிறகு வன்தட்டை அழித்தேன். புதிதாக அமைக்கப்பட்ட தட்டுக்குக் கணினி வேறோர் அடையாள எண்ணைத் தந்தது. தானாக இணைய வேண்டியவற்றைக் குறிக்கும் கோப்பில் அதை எழுதினேன். தட்டைப் பொருத்தாத நாளிலும் கணினி தடையின்றி இயங்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தேன். மறுபடி இயக்கியபோது தட்டு தானே இணைந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் தம்பி.

"அவ்வளவுதான்," என்றேன்.

பென்டிரைவை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையைத் துடைத்து வாங்கி, அலுமாரியில் துணிகளுக்கடியில் வைத்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

இறந்தவர் ஒருவரின் வன்தட்டை யாராவது அழிக்கச் சொன்னால், கொண்டுவந்தவரின் சொல்லை மட்டும் வைத்து இப்போது நான் வேலையைத் தொடங்குவதில்லை.