நான் சுரண்டிய தழும்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். ரீடச், குரோப், என்லார்ஜ் என்று முதலாளியிடம் பொறுக்கிய ஆங்கிலச் சொற்களை வருகிறவர்களிடம் எடுத்துவிடுவதில் எனக்குப் பெருமை.

மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறிய ஒரு கணவனும் மனைவியும் படம் எடுக்க வந்தார்கள்.

"ரீடச் பண்ணட்டோ ஐயா?" என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. என்னவென்று கேட்கக் கூச்சப்பட்டு, "செய்யுங்க தம்பி" என்றார்.

அவருடைய நெற்றியில் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. நெகட்டிவில் அதை பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன். படத்தை வாங்கும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காசைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சில மாதங்களில் அந்த அம்மா படத்தோடு தனியாக வந்தார். கணவர் காய்ச்சலில் இறந்துவிட்டாராம்.

"இதுல அவரு தழும்பு இல்லீங்களே தம்பி. கலவரத்துல எங்க தோட்டத்து லய வீடுகளுக்குத் தீ வச்சப்போ என் மேல விழ வந்த அடிய அவரு வாங்கிக்கிட்டாரு. திருப்பிப் போட முடியுங்களா?"

சுரண்டினது சுரண்டினதுதான். "வெள்ளை மையால கீறித் தாறன் அம்மா" என்றேன். தூரிகையை எடுத்த பிறகுதான், தழும்பு எந்தப் பக்கம் இருந்தது என்பதே எனக்கு நினைவில்லை என்று தெரிந்தது. அந்த முகத்தை ஒரு மணிநேரம் உற்றுப் பார்த்து வேலை செய்தவன் நான்.

அந்த அம்மா படத்தில் இடது புருவத்துக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார். அங்கே வெள்ளையாக ஒரு கோடு கீறிக் கொடுத்தேன். கனநேரம் பார்த்தார்.

"இவ்வளவு நேரா இருக்காது. பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"தழும்பை எடுக்கட்டோ?" என்று அன்றைக்குத் தமிழில் கேட்டிருந்தால் அந்த ஐயா வேண்டாம் என்றிருப்பார். அதைக் கேட்காமல் விட்டது இன்றைக்கும் என் மனதை அறுக்கிறது.